பதநீரா, கருப்பட்டியா, கேரளத்துக் கள்ளா? பனையேறும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

தை பிறந்தால் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே நிலையில் இருப்பவர்கள். தாத்தா ஏறிய முப்பது நாற்பது மரங்கள் ஊரில் நிற்கின்றன. அப்பா ஏறுவதை நிறுத்திவிட்டார். மகன் திருப்பூரிலோ சென்னையிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். பாளை, அதாவது பனையின் பூங்குலை, சீவத் தெரியும், அல்லது கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறார். இறக்குவதைப் பதநீராகவே விற்பதா, கருப்பட்டி காய்ச்சுவதா, இல்லை பேசாமல் பாலக்காட்டுப் பக்கம் போய்க் கள் இறக்குவதா என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

நான் பனையேறும் குடும்பத்தில் வளர்ந்தவன். சித்தப்பா ஏறினார், சித்தி காய்ச்சினார். அந்த இருவரையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பனைத்தொழில் பற்றிப் பேசுகிறவர்கள் மரத்தின் மேலே இருப்பவரையே பார்க்கிறார்கள். கீழே அடுப்படியில் நிற்பவரின் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால்தான் எந்த வழி உங்களுக்குக் கட்டும் என்று தெரியும்.

## எதை வைத்து அளப்பது

லிட்டர் விலை, கிலோ விலை என்று தொடங்காதீர்கள். அதற்கு முன் ஐந்து கேள்விகள் இருக்கின்றன.

பணம் கைக்கு எப்போது வரும்? அன்றைக்கே வருகிறதா, மாதம் கழித்தா, பருவம் முடிந்தா?

உழைப்பு யாருடையது? ஏறுபவர் ஒருவர் போதுமா, வீட்டில் இன்னொருவர் நாள் முழுவதும் நிற்க வேண்டுமா?

விற்காமல் நின்றால் சரக்கு என்ன ஆகும்?

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது?

ஏறுபவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் வீடு என்ன செய்யும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்கத் துணிச்சல் வருவதில்லை என்றுகூடச் சொல்லலாம்.

## எல்லா வழிக்கும் பொதுவானது

மூன்று வழிக்கும் மரத்தின் மேல் நடக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். கேரளத்துத் தென்னையில் உள்ள வேறுபாடுகளைப் பிறகு சொல்கிறேன்; இங்கே சொல்வது பனையைப் பற்றி. பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, அதில் கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவது இனிப்பான சாறு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். குமரிப் பக்கம் அக்கானி என்பார்கள், எங்கள் பக்கம் பயினி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை. விரல் நுனியளவு சுண்ணாம்புதான் இரண்டையும் பிரிக்கிறது.

காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நாள் சீவத் தவறினால் பாளையின் வாய் காய்ந்து ஊறல் குறைந்துவிடும். ஆகவே திருமணம், திருவிழா, காய்ச்சல் எதுவும் இந்தத் தொழிலில் விடுமுறைக்குக் காரணமாகாது. தென் மாவட்டங்களில் தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடி வரை பருவம். மீதி மாதங்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மரம் சொந்தமில்லை என்றால் இன்னொரு பிடித்தம் உண்டு. குத்தகைப் பணமாகவோ, இறக்கியதில் பங்காகவோ மரக்காரருக்குப் போகும். சில ஊர்களில் இத்தனை நாள் ஏறுபவருக்கு, இத்தனை நாள் மரக்காரருக்கு என்று நாள் பிரித்துக்கொள்வார்கள். பருவம் தொடங்கும்போது மரம் நன்றாகக் கொடுக்கும், கடைசியில் குறைந்துவிடும். ஆகையால் நாள் பிரிப்பில் ஒப்புக்கொள்வதற்கு முன் எந்த நாட்கள் யாருக்கு என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

## முதல் வழி: பதநீராகவே விற்பது

பணம் அன்றன்றைக்கே கையில். அடுப்பு இல்லை, விறகு இல்லை. வீட்டில் இரண்டாம் ஆள் இல்லாதவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது. மரத்தடியிலேயே பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, இரண்டு நுங்கை நறுக்கிப் போட்டுக் கொடுத்தால் வாங்குபவருக்கும் நிறைவு.

இதன் எதிரி வெயில். சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர, தடுத்துவிடாது. விடியற்காலையில் இறக்கியது நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கூடுதலாகச் சிறிது நேரம் கிடைக்கும், ஆனால் அதற்கு மின்கட்டணமும் வண்டியும் வேண்டும். சாலையோரம், பேருந்து நிறுத்தம், சந்தை, கோயில் வாசல் இவற்றில் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதே இங்கே முதல் கேள்வி. உள்ளடங்கிய ஊரில் நாற்பது மரம் வைத்திருப்பவரைவிட, நெடுஞ்சாலை ஓரத்தில் பதினைந்து மரம் வைத்திருப்பவர் நிம்மதியாக இருக்கிறார். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு சுண்ணாம்பில் இருக்கிறது. குடிக்க வாங்குபவருக்குச் சுண்ணாம்பு கூடினால் பிடிக்காது, நாக்கில் காரும். குறைத்தால் ருசி கூடும், புளிப்பதும் விரைவாகும். புளித்தது கள் வாடை அடிக்கும். தமிழ்நாட்டில் அந்த வாடையோடு சாலையோரம் நின்றால் விற்பவர் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு. சித்தப்பா ஒவ்வொரு கலயத்தையும் வெயிலில் காயவைத்து, புகை காட்டி, பிறகுதான் சுண்ணாம்பு தடவுவார். பழைய ஊறல் ஒட்டிய கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் நிற்காது. சுண்ணாம்பு தின்று வெளுத்து வெடித்த அவருடைய விரல்கள் மழைக்காலத்தில்தான் ஆறும்.

இன்னொன்று மழை. கோடை மழை ஒன்று பெய்தால் கலயத்தில் நீர் கலந்து அன்றைய இறக்கு வீண். மழை நாளில் குடிக்க வருபவரும் குறைவு. இரண்டு இழப்பும் ஒரே நாளில் வரும்.

## இரண்டாம் வழி: கருப்பட்டி காய்ச்சுவது

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள், எனவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். பருவம், மரம், வெயில் பொறுத்து மாறும். இந்த ஒரு எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். உங்கள் ஊரில் பதநீர் லிட்டர் 40 ரூபாய்க்குப் போகிறது என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கருப்பட்டிக்குள் 320 முதல் 400 ரூபாய்ப் பதநீர் அடங்கியிருக்கிறது. விறகும் கூலியும் அதற்கு மேல். வியாபாரி கிலோவுக்கு 300 ரூபாய் கொடுத்தால் காய்ச்சியவருக்கு நட்டம்தான். இந்தக் கணக்கைக் கேட்டதும் பலர் கருப்பட்டியைக் கைவிட்டுவிடுவார்கள்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ஒரு நாளில் 60 லிட்டர் இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் லிட்டர் 40 ரூபாய்க்கு விற்றால்தான் 2,400 ரூபாய். பாதிதான் விற்கிறது என்றால் 1,200. அதே 60 லிட்டரைக் காய்ச்சினால் ஆறு, ஏழு கிலோ கருப்பட்டி, கிலோ 300 என்றாலும் 1,800க்குக் குறையாது. அது நாளைக்கும் கெடாது, அடுத்த மாதமும் கெடாது. ஆகவே பதநீரில் எவ்வளவு நிச்சயமாக விற்கும் என்பது தெரியாமல் இரண்டையும் ஒப்பிட முடியாது.

அப்படியானால் விற்றது போக மீதியைக் காய்ச்சலாமே என்று தோன்றும். தோன்றுவது இயல்பு. பலர் இதில்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். நண்பகல் வரை விற்காமல் நின்ற பதநீர் பாதி புளித்திருக்கும். புளித்ததை எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது, சிரட்டையில் ஊற்றினால் களியாக நிற்கும். காய்ச்சுவதற்கான பதநீர் இறக்கிய உடனே அடுப்பேற வேண்டும். எனவே எது விற்பனைக்கு, எது காய்ச்சுவதற்கு என்று ஏறுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். காய்ச்சும் கலயங்களில் சுண்ணாம்பைச் சற்றுத் தாராளமாகத் தடவலாம். குடிக்கும் கலயங்களில் அளவோடு.

இனி அடுப்படிக்கு வருவோம். எங்கள் பக்கம் காய்ச்சும் ஓலைக் குடிலை விடிலி என்பார்கள். சித்தி காலை எட்டு மணிக்கு அகன்ற சட்டியை ஏற்றினால் இறக்கும்போது உச்சி தாண்டியிருக்கும். பதநீர் பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார், நுரை அடங்கும். தண்ணீர் வற்றிப் பாகாகும் நேரம் அவர் எங்கேயும் நகர முடியாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு நின்றால் பதம். அரை நிமிடம் பிந்தினால் தீயும், முந்தினால் இறுகாது. பாகு தெறித்த புள்ளிகள் அவர் வலது முன்கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை இருந்தன. புகையில் சிவந்த கண்ணோடுதான் மாலையில் எங்களுக்குச் சோறு போடுவார். அந்த ஐந்து மணி நேரத்துக்கு யாரும் கூலி எழுதியதில்லை. கருப்பட்டி லாபம் என்று சொல்லும் வீடுகளில் பாதி, அந்தக் கூலியை எழுதாததால்தான் லாபம் காட்டுகின்றன.

எனவே உங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கோ வயல் வேலைக்கோ ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் கூலியைக் கருப்பட்டிச் செலவில் எழுதுங்கள். அதன் பிறகும் கட்டினால் காய்ச்சுங்கள். எழுதுவதோடு நிற்காமல் அந்தப் பணத்தை அவர் கையில் கொடுக்கவும் வேண்டும்.

விறகு அடுத்தது. காய்ந்த மட்டையும் ஓலையும் சொந்த மரத்தில் கிடைக்கும். அது மட்டும் போதாது, உடைமரமோ சீமைக்கருவேலமோ வெட்டிச் சேர்க்க வேண்டும். விறகைக் காசு கொடுத்து வாங்கிக் காய்ச்சும் நிலை என்றால் பெரும்பாலும் கட்டாது.

மூன்றாவது மறைவான செலவு முன்பணம். பருவத்துக்கு முந்தைய மாதங்களில் கையில் காசு இருக்காது, வியாபாரி கொடுப்பார். கொடுத்தவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கருப்பட்டி போகும். பருவத்தில் விலை இறங்கியிருக்கும், ஐப்பசி கார்த்திகையில் ஏறும். பரணில் அடுப்புப் புகை படும்படி அடுக்கிவைத்தால் மழைக்காலத்திலும் கசியாமல் காக்கலாம். ஆனால் முன்பணம் வாங்கியவருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. விலை ஏறும்போது சரக்கு வேறு ஒருவருடைய கிடங்கில் இருக்கிறது.

சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் குவிவதும் இந்த விலையைத்தான் கீழே இழுக்கிறது. கலப்படம் செய்பவருக்கு எட்டு லிட்டரும் வேண்டாம், ஐந்து மணி நேரமும் வேண்டாம். சுத்தமாகக் காய்ச்சுகிறவர் மொத்த வியாபாரியிடம் அவரோடு விலையில் போட்டி போட முடியாது. தெரிந்த முகங்களுக்கு நேரே விற்கும் வழி இருந்தால்தான் சுத்தத்துக்கு விலை கிடைக்கும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முனைய வேண்டும். பெயருக்கு மதிப்பு இருக்கும் ஊரில் இருந்துகொண்டு பெயரில்லாத சரக்காக விற்பது பெரிய இழப்பு.

பனங்கற்கண்டு பற்றியும் கேட்கிறார்கள். பாகை நூல் கட்டிய பானையில் ஊற்றி ஒன்றரை மாத அளவு அசையாமல் வைக்க வேண்டும். விலை நல்ல விலைதான். அத்தனை நாள் பணம் முடங்கினாலும் பொறுக்கக்கூடிய வீட்டுக்கு மட்டும் அது சரி. முதல் ஆண்டிலேயே அதில் இறங்க வேண்டாம்.

## மூன்றாம் வழி: கள் இறக்க வெளியே போவது

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அரசே டாஸ்மாக் கடைகளில் மது விற்கும் மாநிலத்தில், மரத்திலிருந்து இறங்கும் கள்ளுக்குத் தடை இருப்பது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தடையை நீக்கக் கோரும் போராட்டங்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஆனால் இந்தப் பருவத்துக்கு முடிவெடுக்கும் உங்களுக்கு என் கருத்து சோறு போடாது. இன்றைய நிலையில் இங்கே கள் இறக்குவது வழக்கு, நீதிமன்ற அலைச்சல், உடைந்த கலயங்கள் ஆகியவற்றோடு வரும். ஏறும் நாட்களை நீதிமன்ற வாசலில் கழித்தால் பாளை காய்ந்துவிடும். சொந்த ஊரில் திருட்டுத்தனமாக இறக்குவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருக்கின்றன. புதுச்சேரியிலும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்திலிருந்து கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் கள் போகிறது. அங்கே வேலை பெரும்பாலும் தென்னையில். கள் இறக்குபவரைச் செத்துகாரன் என்பார்கள். மலையாளத்தில் செத்து என்றால் சீவுதல்.

பனையேறத் தெரிந்தால் தென்னையும் கைவந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பாளையைத் தட்டிப் பதப்படுத்தும் முறை வேறு, சீவும் நேரங்கள் வேறு. முதல் சில வாரங்கள் பழகுவதிலேயே போகும். பழகிவிட்டால் ஒரு பெரிய வசதி இருக்கிறது. தென்னை பருவம் பார்த்துக் கொடுப்பதில்லை, ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். பனையில் ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டிய குடும்பத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொரு வசதி பாதுகாப்பு. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்கென்று 1969இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. தொழிற்சங்கமும் வலுவானது. ஆனால் அந்த நிதி பதிவு செய்யப்பட்ட தொழிலாளிக்குத்தான். அழைத்துப் போகும் ஆளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கூலி எவ்வளவு என்பது இல்லை. என் பெயர் பதிவாகுமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், விழுந்த அன்றைக்கு உங்களை யாருக்கும் தெரியாது என்று பொருள்.

மறைந்திருக்கும் செலவுகள்: தங்கும் இடம், வீட்டை விட்டுப் பிரிந்திருப்பது, ஊரில் கைவிடப்பட்ட மரங்கள். இதில் கடைசியை யாரும் எண்ணுவதில்லை. சில ஆண்டுகள் ஏறாமல் விட்ட பனையில் காய்ந்த மட்டைகள் தொங்கிப் பாம்பும் கடந்தைக் கூடும் குடியேறிவிடும். திரும்பி வந்து அதைக் கழித்துச் சுத்தம் செய்வதே ஒரு பருவத்து வேலை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பதநீர் | கருப்பட்டி | கேரளத்தில் கள் |
|---|---|---|---|
| பணம் வரும் நேரம் | அன்றே | வாரம், மாதம். காத்திருந்தால் கூடும் | ஒப்பந்தப்படி |
| வீட்டில் இன்னொருவர் | விற்க ஆள் இருந்தால் நல்லது | கட்டாயம் வேண்டும் | வேண்டாம் |
| விற்காமல் நின்றால் | நண்பகலில் வீண் | பல மாதம் நிற்கும் | பொறுப்பு கடைக்காரருடையது |
| பெரிய மறைமுகச் செலவு | புளிப்பு, மழை | அடுப்படி உழைப்பு, விறகு, முன்பணம் | பிரிவு, கைவிட்ட மரம் |
| வேலை மாதங்கள் | சுமார் ஆறு | சுமார் ஆறு | ஆண்டு முழுவதும் |

## பாளை சீவாமலும் ஒரு வழி

நாள்தோறும் இரண்டு முறை ஏற முடியாதவருக்கு நான்காவதாக ஒன்று இருக்கிறது. பெண்பனையைச் சீவாமல் விட்டால் நுங்கு. ஒரு குலைக்கு ஒரு முறை ஏறினால் போதும். பழுத்து விழுந்த பழத்தின் கொட்டைகளை ஆவணி புரட்டாசியில் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு. வருமானம் மற்ற வழிகளைவிடக் குறைவு, உடம்புக்கு ஆபத்தும் குறைவு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வெட்கப்படாமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். சீவிய பெண்பனையில் நுங்கு இருக்காது என்பதால் எந்த மரத்தைச் சீவுவது, எதை விடுவது என்று பருவத்துக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

## யாருக்கு எது

சாலையோரம் இருபது மரத்துக்குள், வீட்டில் ஒருவரே உழைப்பவர் என்றால் பதநீர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தை எட்டாத ஊர், முப்பது மரத்துக்கு மேல், விறகு சொந்தத்தில், கணவன் மனைவி இருவரும் விரும்பி இறங்குகிறார்கள், முன்பணம் வாங்காமல் முதல் இரண்டு மாதத்தைத் தள்ள முடியும் என்றால் கருப்பட்டி. இந்த நிபந்தனைகளில் இரண்டு குறைந்தாலும் தயங்குங்கள். முன்பணம் ஒன்று மட்டும் தடை என்றால், முதல் மாதம் பதநீர் விற்று அந்தக் காசில் பருவத்தின் நடுப்பகுதியைக் கருப்பட்டிக்குத் திருப்பலாம். எங்கள் ஊரில் தலைநிமிர்ந்த சில வீடுகள் இப்படித்தான் வியாபாரியின் கணக்கிலிருந்து வெளியே வந்தன.

சொந்த மரம் இல்லை, இளவயது, கடன் இருக்கிறது, பதிவோடு வேலை கிடைக்கிறது என்றால் கேரளம். இரண்டு மூன்று ஆண்டு என்று எல்லை வைத்துக்கொண்டு போங்கள். சொந்த மரம் வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டுப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

எந்த வழியாக இருந்தாலும் தமிழ்நாட்டில் ஏறுபவர்கள் பனைமரத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் பதிவு இருந்தால்தான். பதிவைப் புதுப்பிக்கவும் மறக்க வேண்டாம். எங்கள் சித்தப்பா இருபது ஆண்டு ஏறியும் பதிவு செய்யவில்லை. "நாளைக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மாசி மாதத்து அதிகாலையில், பனியில் நனைந்த மரத்தில் கால் நழுவி, ஆறடி உயரத்தில்தான் விழுந்தார். ஆறடிதான். இடுப்பெலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தின் கருப்பட்டி முழுவதும் மருத்துவச் செலவுக்குப் போனது. அதற்கடுத்த பருவத்து மரங்களை வேறு ஒருவர் ஏறினார்.

மார்கழியில் மரம் கழிக்க ஆள் பேசப் போகும் அதே வாரத்தில் நலவாரியப் பதிவுப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள்.